போகவில்லை, சேரவில்லை, திரும்பிவிட்டது: மின்னஞ்சல் பழுதைச் சொல்லும் தமிழ்

ஆய்வுச் சுருக்கம்

கணினித் தமிழ் குறித்த ஆய்வுகள் எழுத்துரு, குறியாக்கம், கலைச்சொல் ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்துள்ளன. ஒரு மடல் உரியவரைச் சென்று சேராதபோது அந்நிகழ்வைத் தமிழில் எவ்வாறு சொல்கிறோம் என்பது போதிய கவனம் பெறவில்லை. மதுரை கே.கே. நகரில் உள்ள ஒரு சிறு அலுவலகத்தில் நேர்ந்த பழுதை முன்வைத்து, அங்கு வழங்கும் பேச்சுத்தமிழ் காக்கும் வினை வேறுபாடுகளை எழுத்துத்தமிழ் இழந்து நிற்பதை இக்கட்டுரை சுட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் இரு ஓலைகளும் தொல்காப்பியக் கிளவியாக்கமும் ஒப்புநோக்கிற்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல், பழுதுமொழி, வினைச்சொல், கலைச்சொல்லாக்கம், தூது, சிலப்பதிகாரம்.

முன்னுரை

மதுரை கே.கே. நகரில், ஆய்வேடுகளையும் கருத்தரங்கக் கோவைகளையும் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துத் தரும் சிறு அலுவலகம் ஒன்று உள்ளது. ஐந்து கணினிகள், ஓர் அச்சுப்பொறி, ஆய்வேட்டுக் காலத்தில் படிக்கட்டு வரை நிற்கும் மாணவர்கள் என்பதே அதன் தோற்றம். இக்கட்டுரையாளர் அங்குப் பகுதிநேரமாக மெய்ப்புத் திருத்தியவர். ஒரு நாள் பிற்பகல், ஆய்வு மாணவி ஒருவரின் கட்டுரைக்குரிய இறுதி மெய்ப்பு மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பப்பட்டது. அவர் அதைப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் கட்டுரை அவ்விதழில் இடம்பெறும். இரண்டு நாள் கழித்து அவர் தொலைபேசியில் கேட்டபோது, தட்டச்சர் தந்த விடை, “போயிருச்சுக்கா, அன்னைக்கே அனுப்பிட்டேன்” என்பது. மறுமுனையில் வந்த விடை, “எனக்கு எதுவுமே வரலையே” என்பது. கட்டுரை அவ்விதழில் வெளிவரவில்லை. மாணவி அலுவலகம் பொய் சொல்வதாக எண்ணினார். தட்டச்சரோ, மாணவி தம் பெட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

இருவரும் உண்மையே சொன்னார்கள் என்பது பின்னர் தெரிந்தது. இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நிகழ்ந்ததைச் சொல்வதற்கு இருவரிடமும் ஒரு பொதுச்சொல் இல்லை. இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல் அதுவே.

பழுதின் வரலாறு

அலுவலகத்திற்கு இணைய இணைப்பு இரண்டு. ஒன்று நிலையான முகவரி கொண்ட ஒளியிழை இணைப்பு. மற்றொன்று, முதலாவது அறுந்தால் கைகொடுப்பதற்காக வாங்கிய மலிவான இணைப்பு. இரண்டும் ஒரே ரவுட்டரில் வந்து சேர்கின்றன. முதல் இணைப்பு நின்றால் ரவுட்டர் எவரையும் கேளாமல் போக்குவரத்தை இரண்டாம் இணைப்புக்கு மாற்றிவிடும். கழிவுநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டிய வாரங்களில் இம்மாற்றம் அடிக்கடி நிகழ்ந்தது. கணினியின் முன் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இணையம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

அலுவலகத்தின் மடல்கள் ஒரு மூலையில் இருந்த பழைய கணினியில் இயங்கிய அஞ்சல் சர்வர் வழியாகவே வெளியே சென்றன. ஒரு நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்பும் உரிமை எந்தெந்த இணைய முகவரிகளுக்கு உண்டு என்று அந்நிறுவனமே பொதுவெளியில் அறிவிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். 2006இல் சோதனை நிலையில் வரையறுக்கப்பட்டு, 2014இல் தரநிலையாக்க நெறிக்கு உயர்த்தப்பட்டது. அலுவலகம் வெளியிட்ட பட்டியலில் முதல் இணைப்பின் முகவரி மட்டுமே இருந்தது. இரண்டாம் இணைப்பை வாங்கிய நாளில் பட்டியலைத் திருத்த வேண்டும் என்பது எவருக்கும் தோன்றவில்லை. எனவே காலையில், முதல் இணைப்பு உயிரோடு இருந்தபோது அனுப்பியவை சேர்ந்தன. பிற்பகலில், இணைப்பு மாறியபின் அனுப்பியவை அயலான் கொண்டுவந்த ஓலைபோல் வாசலிலேயே மறுக்கப்பட்டன. எல்லாப் பெறுநரும் மறுக்கவில்லை என்பது குழப்பத்தை மிகுவித்தது. சில பல்கலைக்கழக சர்வர்கள் ஏற்றுக்கொண்டன. சில எரிதப் பெட்டியில் தள்ளின. ஜிமெயில் மறுத்தது. அனுப்புநரின் அடையாளம் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் எனும் இரண்டில் ஒன்றாலேனும் உறுதிப்பட வேண்டும் என்பதை 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கட்டாயமாக்கியது. அலுவலகத்தில் டிகேஐஎம் கையொப்பம் அமைக்கப்படவேயில்லை.

மறுப்புச் செய்தி வராமல் இல்லை. ‘மெயிலர் டீமன்’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட மடல் வந்திருந்தது. தட்டச்சர் அதை வைரஸ் என்று கருதி நீக்கியிருந்தார். அவரைக் குறைகூற இயலாது. அறியாத பெயரிலிருந்து வரும் ஆங்கில மடலைத் திறக்காதே என்பதுதான் அவருக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். நீக்கியவை தங்கும் பெட்டியிலிருந்து அம்மடலை மீட்டு, அதில் குறிக்கப்பட்டிருந்த முகவரி எண்ணைப் பார்த்தபின், பழுது பார்க்க வந்த இளைஞர் கூறிய முதல் சொற்றொடர், “இது நம்ம நம்பரே இல்லண்ணே” என்பது. பிறகு எல்லாம் அரைமணி நேர வேலை.

எண்களின் இலக்கணம்

மின்னஞ்சல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை எஸ்எம்டிபி எனப்படும். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணம் அதை வரையறுத்தது. இன்று வழங்குவது 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321இன் வடிவம். இம்முறையில் ஒவ்வொரு விடையும் மூன்றிலக்க எண்ணுடன் தொடங்கும். மடல் முழுதும் ஒப்படைக்கப்பட்டபின் 250 என்னும் விடை வந்தால், ‘பெற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு’ என்று பொருள். நான்கில் தொடங்கும் எண், ‘இப்போது இயலாது, பின்னர் வா’ என்பது. ஐந்தில் தொடங்கும் எண், ‘ஏற்கமாட்டேன், இப்படியே மீண்டும் வராதே’ என்பது. நான்கு வந்தால் அனுப்பும் சர்வர் மடலை வரிசையில் நிறுத்தி, குறைந்தது அரைமணி நேர இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் முயலவேண்டும். கைவிடுவதற்கு முன் நான்கைந்து நாள் காத்திருக்கவேண்டும் என்றும் அவ்வாவணம் அறிவுறுத்துகிறது.

2003இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3463 இதனை மேலும் நுட்பமாக்கியது. அதன்படி, முதலெண் விளைவைச் சொல்லும். இரண்டாம் எண் காரணத்தின் இடத்தைச் சொல்லும். 1 முகவரி, 2 பெறுநரின் அஞ்சற்பெட்டி, 3 அஞ்சல் அமைப்பு, 4 வலையமைப்பும் வழிப்படுத்தலும், 5 உரையாடல் முறை, 6 மடலின் உள்ளடக்கம், 7 பாதுகாப்பும் கொள்கையும். கே.கே. நகர் மடலுக்கு வந்த எண் 5.7 என்று தொடங்கியது. பழுதின் வேர் வழிப்படுத்தலில் இருந்தது. ஆயின் அறிக்கை அதை 4இன் கீழ்ச் சொல்லாமல் 7இன் கீழ்ச் சொன்னது. மறுத்தவருக்குத் தெரிவது தம் வாசலில் நிற்பவனை மட்டுமே. அவன் எந்தத் தெருவழியே, ஏன் அவ்வழியே வந்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு பழுதறிக்கையைப் படிப்பவர் முதலில் கேட்கவேண்டியது ‘இது யார் கூற்று?’ என்பதே. அகப்பாடல் பயிலும் மாணவருக்கு இக்கேள்வி புதிதன்று. திரும்பிவந்த மடலில் இரு கூற்றுகள் உள்ளன. அதை எழுதியது நம் அலுவலகத்து சர்வர். அதனுள் எடுத்துரைக்கப்பட்டிருப்பது பெறுநர் சர்வரின் மறுப்பு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் படித்தால் பழி நம்முடையதா அவர்களுடையதா என்பதே மயங்கிப்போகும்.

பேச்சில் உள்ளது, எழுத்தில் இல்லாதது

அவ்வலுவலகத்தில் அன்றாடம் வழங்கும் சொற்களைக் கவனித்தால், மேற்கண்ட வேறுபாடுகளுக்கு நெருக்கமான ஓர் அமைப்பு அங்கே இயல்பாகவே இருப்பது புலப்படும். “மெயில் போகல” என்றால் மடல் தம் கணினியைவிட்டே வெளியேறவில்லை. “நிக்குது” என்றால் சர்வரில் வரிசையில் காத்திருக்கிறது. “திரும்பி வந்துருச்சு” என்றால் மறுக்கப்பட்டுவிட்டது. “போயிருச்சு, ஆனா சேரல” என்றால் நம்மிடமிருந்து நீங்கியது உறுதி, பெறுநர் கண்டது உறுதியில்லை. “ஸ்பாம்ல கெடக்கு” என்பது சேர்ந்தும் சேராத நிலை. இதற்கு எஸ்எம்டிபியில் எண் கிடையாது, ஏனெனில் வழங்கும் சர்வரைப் பொறுத்தவரை அது வெற்றியே.

இவ்வினைகளில் வெளிப்படும் நுட்பம் வியப்பிற்குரியது. ‘நிக்குது’ என்பது நிகழ்காலம். வினை முடியவில்லை, எனவே காத்திருக்கலாம். ‘வந்துருச்சு’ என்பது முற்றுப்பெற்ற வினை, காத்திருந்து பயனில்லை. நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழ் தன் கால இடைநிலையாலும் துணைவினையாலும் காட்டிவிடுகிறது.

இதே செய்தியை எழுத்துத்தமிழில் வடிக்கும்போது நிகழ்வதென்ன? ‘மின்னஞ்சலை அனுப்ப இயலவில்லை’ என்றோ, ‘செய்தி வழங்கப்படவில்லை’ என்றோ எழுதுகிறோம். முதல் தொடரில் எழுவாய் இல்லை: யாரால் இயலவில்லை? இரண்டாவதில் ‘படு’ வந்து செய்தவனை மறைக்கிறது. நிற்பதும் திரும்பியதும் மறுக்கப்பட்டதும் ஒரே ‘இல்லை’யில் கரைந்துபோகின்றன. எழுத்துத்தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பது காரணமன்று. ‘மறுத்தது’, ‘காத்திருக்கிறது’, ‘திரும்பியது’ ஆகியவை எல்லார்க்கும் விளங்கும் சொற்களே. அவை தொழில்நுட்பத் தமிழுக்கு உரியன அல்ல என்னும் தயக்கமே அவற்றை வெளியே நிறுத்தியுள்ளது.

இத்தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழில் மின்னஞ்சல் பரவிய 1990களில் நம் முன் நின்ற பெருஞ்சிக்கல் எழுத்துச் சிக்கலே. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தும் நடைமுறையில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றொருவர் திரையில் புரியாத குறிகளாய் விரிந்தது. திஸ்கி குறியாக்கம் உருவானதும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்’99 மாநாட்டில் தாம், தாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டதும் அக்காலத் தேவையின் விளைவுகள். அவ்வுழைப்பின்றி இக்கட்டுரையைத் தட்டச்சு செய்திருக்க இயலாது. எழுத்தை அடுத்துப் பெயர்ச்சொல் மீது கவனம் திரும்பியது. ரவுட்டருக்குத் திசைவி, வழிச்செயலி; சர்வருக்கு வழங்கி, சேவையகம்; ஃபயர்வாலுக்குத் தீயரண், தீச்சுவர்; டொமைனுக்குக் களம், ஆள்களம். இவற்றுள் எது சிறந்தது என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. எது சிறந்ததாயினும், திசைவி என்ன செய்தது என்று சொல்ல ஒரு வினை வேண்டும். கலைச்சொல் தொகுதிகள் பொருள்களுக்குப் பெயரிடுகின்றன. பழுது என்பதோ பொருளன்று, நிகழ்வு.

தமிழில் மறுப்பறிக்கை வருவதற்குத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. ஆங்கிலமல்லாத முகவரிகளுக்கும் மடற்றலைப்புகளுக்கும் வழிவகுத்த ஆர்எஃப்சி 6530 முதல் 6533 வரையிலான ஆவணங்கள் 2012 பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. அவற்றுள் இறுதியானது, வழங்கல்நிலை அறிக்கைகள் யூடிஎஃப்-8 எழுத்துகளை ஏந்துவது பற்றியதே. சிறிய அலுவலகத்து அஞ்சல் சர்வரில்கூட அறிக்கையின் வாசகத்தை மாற்றி எழுதிவிடலாம்.

சிலம்பின் இரு ஓலைகள்

மடல் சேராமையைச் சொல்வதில் தமிழ் இலக்கியம் வறியதன்று. பிற்காலத் தூது நூல்கள் பெரும்பாலும் தூதுப்பொருளை வேண்டிக்கொள்வதோடு முடிந்துவிடுகின்றன. தூது சென்றதா, சேர்ந்ததா என்பது அவற்றின் கவலையன்று. சிலப்பதிகாரம் அப்படியன்று. அதில் மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகிறாள். இரண்டும் வழங்கல் வரலாறுகள்.

வேனிற்காதையில் தாழை மடலில் எழுதிய முதல் முடங்கலை வசந்தமாலை எடுத்துச் செல்கிறாள். கூலமறுகில் கோவலனைக் கண்டு நீட்டுகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். காரணத்தையும் விரிவாகச் சொல்கிறான். முகவரி சரி, வழி சரி, தூது சென்றவர் சரி, பெறுநர் ஏற்கவில்லை. இது நிலையான மறுப்பு. வாடித் திரும்பிய வசந்தமாலை அதை மாதவியிடம் சொன்னபின் மாதவி கொள்ளும் முடிவுதான் இங்கே நமக்கு முக்கியம்: மாலையில் வாராவிடினும் காலையில் காண்போம் என்று அவள் ஆறுதல் கொள்கிறாள். நிலையான மறுப்பைத் தற்காலிக மறுப்பாக அவள் படித்துக்கொள்கிறாள். உரையாசிரியர் மரபு இதை அவள் காதலின் உறுதியாகக் காணலாம், அது பிழையன்று. அதே வேளையில், காப்பியத்தின் அவலம் மறுப்புச் செய்தியின் வகையை அறியாமையிலிருந்தும் தொடங்குகிறது என்று கொள்ள இடமுண்டு. மறுநாட் காலையில் கோவலன் புகாரைவிட்டு நீங்கிவிட்டான்.

புறஞ்சேரி இறுத்த காதையில் இரண்டாம் ஓலை. இம்முறை பெறுநர் இருக்கும் இடமே தெரியாது. அதைச் சுமந்துவரும் கோசிகன், மதுரை செல்லும் வழியில் கோவலனை எதிர்ப்பட்டும், உருமாறி நிற்கும் அவனை ஐயுறுகிறான். நேரே கேளாமல், வாடிய மாதவிக் கொடியை விளித்துக் கோவலன் பெயரைச் சொல்லி, அவன் எதிர்வினையால் ஐயம் நீங்குகிறான். பெறுநரை உறுதிசெய்தபின் ஓலை கைமாறுகிறது. கோவலனோ முத்திரையில் படிந்த கூந்தல் நெய்யின் மணத்தால் அனுப்பியவள் மாதவியே என்று தேர்கிறான். அதன்பின்தான் ஓலையைப் பிரிக்கிறான். பிரித்துப் படித்தவன், அதன் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துவது கண்டு, அவ்வோலையையே அவர்களிடம் சேர்க்குமாறு திருப்பி அனுப்புகிறான். பெறுநர் சரிபார்ப்பு, அனுப்புநர் சரிபார்ப்பு, வேறொருவர்க்கு மேலனுப்புதல் என மூன்று செயல்களும் தனித்தனி வினைகளாய் அங்கே நிற்கின்றன. பண்டைத் தமிழர் மின்னஞ்சலை அறிந்திருந்தனர் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் நம்மிடம் மிகுதி. மடல் ஒன்றுக்கு வழியில் நேரக்கூடியவற்றைப் பிரித்துச் சொல்லும் வினைவளம் இம்மொழிக்குப் புதிதன்று என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

தொல்காப்பியக் கிளவியாக்கம் இச்சிக்கலின் மற்றொரு முனையைத் தெளிவாக்குகிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கில் வரவும் தரவும் தன்மை, முன்னிலைக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என்பது அங்குள்ள விதி. வினையைச் சொல்பவர் எவ்விடத்தில் நின்று சொல்கிறார் என்பதைத் தமிழ் வினை தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. தட்டச்சரின் ‘போயிருச்சு’ அவர் மேசையில் நின்று சொன்ன சொல். மாணவியின் ‘வரலையே’ அவர் திரையின் முன் நின்று சொன்ன சொல். இரண்டிற்கும் இடையில் மடல் கடந்த வெளியில் நின்று சொல்ல வேண்டியவர் சர்வர்; அதன் கூற்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

வழியைப் படித்தல்

பதிப்பியல் பயின்றவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொரு மின்னஞ்சலின் மறைதலைப்பிலும், அது கடந்த ஒவ்வொரு சர்வரும் தன் பெயர், நாள், நேரத்துடன் ஒரு வரியைச் சேர்க்கிறது. புதிய வரி மேலே ஏறும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். ஏட்டைப் படியெடுத்தவர் தம் பெயரையும் முடித்த நாளையும் இறுதியில் எழுதிவைப்பதை ஒத்தது இது. ஏட்டுக்குறிப்பில் கொள்ளும் எச்சரிக்கை இங்கும் வேண்டும்: நம் சொந்த சர்வர் எழுதிய மேல்வரி நம்பத்தக்கது, கீழே செல்லச் செல்ல, இடையில் எவரும் பொய்யாக எழுதிச் சேர்த்திருக்கலாம். பல்கலைக்கழகம் ஒன்றைச் சென்றடைந்த இரண்டு மடல்களை, காலையில் அனுப்பியது ஒன்றும் பிற்பகலில் அனுப்பியது ஒன்றுமாக, அருகருகே வைத்து ஒப்பிட்டபோது பாடவேறுபாடு ஒரே இடத்தில் தெரிந்தது: பெறுநர் சர்வர் எழுதிய வரியில், மடலைக் கொண்டுவந்தவரின் முகவரி எண். மற்ற வரிகள் எல்லாம் ஒன்றே. ரவுட்டர் வழி மாற்றிய கணம் அவ்வேறுபாட்டில் மட்டுமே பதிவாகியிருந்தது.

பட்டியலில் இரண்டாம் முகவரியைச் சேர்ப்பது எளிய தீர்வு. ஆயின் அம்மலிவு இணைப்பின் முகவரி நிலையானதன்று, அவ்வப்போது மாறுவது. எனவே மடல்கள் முதல் இணைப்பின் வழியாக மட்டுமே வெளியேறவேண்டும் என்று ரவுட்டரில் விதி எழுதப்பட்டது. இணைப்பு அறுந்திருக்கும்போது மடல் இனி வரிசையில் நிற்கும், மறுக்கப்படாது. அதாவது, ‘திரும்பி வந்துருச்சு’ என்பது ‘நிக்குது’ ஆயிற்று. இந்த மாற்றம் தட்டச்சருக்கு உடனே விளங்கியது. அவருடைய சொற்களிலேயே அது சொல்லத்தக்கதாக இருந்தது.

அத்துடன் இக்கட்டுரையாளர் சர்வரின் மறுப்பறிக்கைக்குத் தமிழ் வாசகம் ஒன்றை எழுதித் தந்தார்: ‘இது உங்கள் அலுவலக அஞ்சல் வழங்கி எழுதும் மடல். நீங்கள் அனுப்பியதைப் பெறுநரின் அஞ்சல் வழங்கி ஏற்க மறுத்துவிட்டது. மடல் அவரிடம் சேரவில்லை. இப்படியே மீண்டும் அனுப்பினால் மீண்டும் மறுக்கும். அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவும்.’ தற்காலிக நிலைக்கு வேறொன்று: ‘மடல் இன்னும் நம்மிடமே காத்திருக்கிறது. நாம் மீண்டும் முயல்வோம். நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டாம்.’

இரண்டையும் அச்சிட்டுத் தட்டச்சரிடம் காட்டியபோது அவர் மறுப்பு வாசகத்தில் ஓரிடத்தில் நின்றார். “அஞ்சல் வழங்கின்னா யாருக்கா, நம்ம சர்வரா அவங்க சர்வரா?” வாசகத்தில் அது தெளிவாகவே இருப்பதாக இக்கட்டுரையாளர் விளக்க முற்பட்டார். அதற்குள் அவர் பேனாவை எடுத்து இரண்டு இடத்திலும் ‘அஞ்சல் வழங்கி’யை அடித்துவிட்டு, ‘நம்ம சர்வர்’, ‘அவங்க சர்வர்’ என்று எழுதினார். ‘மறுத்துவிட்டது’ என்பதில் கைவைக்கவில்லை. அத்திருத்தத்துடனேயே வாசகம் இப்போது இயங்குகிறது.